முதல் குழந்தைக்கு வராத ஆபத்து: ரீசஸ் நெகட்டிவ் தாய்மாரும் ஆன்டி-டி ஊசியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், வெருலம் பகுதிகளிலும் வாழும் நம் பெண்கள் கர்ப்பம் உறுதியானபின் முதன்முறையாகக் கிளினிக்குக்குச் செல்லும்போது, ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகிய பரிசோதனைகளோடு இரத்தத்தின் ரீசஸ் வகையும் பார்க்கப்படுகிறது. பெரும்பாலோருக்குப் பேறுகால அட்டையில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதப்படும். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். தெற்காசிய வம்சாவளியினரில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவருக்கு மட்டும் ‘நெகட்டிவ்’ என்று வருகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆறு அல்லது ஏழு பேரில் ஒருவர் நெகட்டிவ் என்பதால், அவர்களுடைய குடும்பங்களில் தாயோ அத்தையோ யாராவது ஒருவர் இதற்கான ஆன்டி-டி ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் அப்படிப்பட்டவர் அருகில் இருப்பது அரிது. அம்மாவுக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது என்ற நிலையில், கிளினிக்கில் சிஸ்டர் அவசரத்தில் சொல்லும் இரண்டு வரிகளே அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் முழு விளக்கமாக அமைந்துவிடுகின்றன.

இரண்டு வரிகளில் அடங்கும் செய்தி அன்று இது. நெகட்டிவ் தாயின் உடல், பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்குவதே ரீசஸ் பிரச்சினை. அது முதல் குழந்தையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நெகட்டிவ் என்று தெரிந்தும் ஊசி போடாமல் விட்ட ஒரு பெண்ணுக்கு முதல் குழந்தை நல்ல எடையோடும் நிறத்தோடும் பிறந்து வளரும்போது, மருத்துவர்கள் வீணாகப் பயமுறுத்தினார்கள் என்ற எண்ணமே அந்தக் குடும்பத்தில் நிலைத்துவிடும். தீங்கு வெளிப்படுவது இரண்டாவது அல்லது மூன்றாவது கர்ப்பத்தில்தான். அப்போது ஊசி போட்டு எந்தப் பயனும் இல்லை. அந்த அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உண்டாக்கத் தாயின் உடல் கற்றுக்கொள்வதற்கு முன்பு மட்டுமே வேலை செய்யும் மருந்து இது என்பதே இந்த விஷயத்தின் மையம். மற்ற விவரங்கள் எல்லாம் அந்த ‘முன்பு’ என்பது எப்போது என்று கண்டுகொள்வதற்காகத்தான்.

ஏ, பி, ஏபி, ஓ என்ற பிரிவுகளைப் போலவே, சிவப்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள ‘டி’ என்னும் புரதத்தைக் கொண்டு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கிறோம். அந்தப் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இது நோயும் அன்று, குறைபாடும் அன்று. நெகட்டிவ் உள்ளவரின் உடல்நலம், ஆயுள், கருத்தரிக்கும் திறன் ஆகிய எதுவும் இதனால் குறைவதில்லை. டி புரதத்தை உருவாக்கும் மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு அதன் இரண்டு படிகள் (நகல்கள்) கிடைக்கின்றன. இரண்டில் ஒன்று வேலை செய்தாலே பாசிட்டிவ் ஆகிவிடுவோம். எனவே பாசிட்டிவ் ஆண்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். இரண்டு படிகளும் வேலை செய்பவருக்குப் பிறக்கும் குழந்தைகள் அனைவரும் பாசிட்டிவ். ஒரு படி மட்டும் வேலை செய்பவருக்கும் நெகட்டிவ் மனைவிக்கும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நெகட்டிவாகப் பிறக்கப் பாதி வாய்ப்பு உண்டு.

இந்தக் கணக்கை நம் சமூகத்துக்குப் போட்டுப் பார்த்தால், பலர் கவனிக்காத ஓர் உண்மை புலப்படும். நெகட்டிவ் இருபதில் ஒருவர் என்றால், அந்தப் பெண் மணக்கும் ஆண் பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. அந்தப் பாசிட்டிவ் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இரண்டு படிகளும் உள்ளவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நம் நெகட்டிவ் பெண்கள் சுமக்கும் நூறு குழந்தைகளில் எழுபத்தேழு அல்லது எழுபத்தெட்டு பாசிட்டிவாக இருக்கும். ஐரோப்பிய வம்சாவளியில் இதே கணக்கு அறுபதை ஒட்டி நின்றுவிடுகிறது. நெகட்டிவ் பெண்கள் நம்மில் குறைவு என்பது சரி; ஆனால் நெகட்டிவாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபத்தின் வாய்ப்பு அவர்களைவிட நமக்கு அதிகம். ‘நம்மில் இது அபூர்வம்’ என்ற ஆறுதல் அந்த இருபதில் ஒருத்திக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சு எனப்படும் நஞ்சுக்கொடியின் வழியாக உணவும் பிராணவாயுவும் கடந்து செல்ல, இரத்த அணுக்கள் அவரவர் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அந்தத் தடுப்பு முழுமையானது அன்று. பிரசவத்தின்போது நஞ்சு பிரியும் தருணத்தில் குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்த ஓட்டத்தில் சேர்கிறது; பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான அளவுதான். டி புரதத்தை முன்பின் பார்த்திராத தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கலாம். முதலில் தோன்றும் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள் அளவில் பெரியது, நஞ்சைக் கடக்காது. அதன்பின் வரும் ஐ.ஜி.ஜி. வகை நஞ்சைக் கடந்து செல்லும். இவை உருவாக வாரங்கள் ஆகும் என்பதாலும், அதற்குள் குழந்தை பிறந்துவிட்டிருக்கும் என்பதாலும், முதல் குழந்தை தப்பித்துவிடுகிறது. உடலோ அந்த நினைவை விடுவதில்லை. அடுத்த பாசிட்டிவ் கர்ப்பத்தில் மிகச் சிறிய அளவு இரத்தம் கசிந்தாலே எதிர்ப்பொருள்கள் விரைவாகப் பெருகி, குழந்தையின் பக்கம் சென்று, அதன் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கும்.

அழிவு மெதுவாக நடந்தால் குழந்தை இரத்தசோகையோடும் மஞ்சள் காமாலையோடும் பிறக்கும். வேகமாக நடந்தால், ஈடு கொடுக்க முயன்று கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும், இதயம் தளரும், வயிற்றிலும் நெஞ்சிலும் தோலுக்கடியிலும் நீர் தேங்கும், பல குழந்தைகள் கருப்பையிலேயே இறந்துவிடும். கருவில் இருக்கும் வரை, சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளைத் தாயின் உடலே அகற்றிவிடுகிறது. பிறந்தபின் அந்த வேலை முதிர்ச்சியடையாத கல்லீரலின் மேல் விழுவதால், முதல் நாளிலேயே காமாலை ஏறும். அந்தப் பிலிரூபின் மூளையில் படிந்துவிட்டால் உயிர் பிழைத்த குழந்தைக்கும் செவித்திறன் இழப்பு, கைகால் கட்டுப்பாடின்மை ஆகியவை வாழ்நாள் முழுவதும் தொடரும். பிறந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் நிறத்தை ‘எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும்’ என்று எந்தக் குடும்பமும் விட்டுவிடக் கூடாது. அன்றே இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

இந்தத் துயரத்துக்குக் காரணம் என்னவென்று மருத்துவ உலகுக்கே நெடுங்காலம் தெரியவில்லை. 1939இல் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் நியூயார்க்கில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். இறந்த குழந்தையைப் பெற்றபின் அவருக்குக் கணவரின் இரத்தம் ஏற்றப்பட்டது. இருவருக்கும் ஒரே இரத்தப் பிரிவாக இருந்தும் அவர் உடல் அதைக் கடுமையாக எதிர்த்தது. குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்றுக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பியிருக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். ஏ, பி, ஓ பிரிவுகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர், அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து 1940இல் ரீசஸ் குரங்கின் இரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்விலிருந்தே இந்த வகைக்குப் பெயர் வந்தது. 1941இல் லெவின் இரண்டையும் இணைத்து, பச்சிளங்குழந்தைகளின் இந்த நோய்க்குக் காரணம் தாய்க்கும் கருவுக்கும் இடையிலான ரீசஸ் பொருத்தமின்மையே என்று நிறுவினார்.

நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களில், முதல் பிள்ளைக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பறிகொடுத்த பெண்களும் இருந்திருப்பார்கள். அந்த மரணங்கள் எல்லாவற்றுக்கும் ரீசஸ் காரணம் என்று சொல்ல முடியாது. பசியும் வேலையும் காய்ச்சலும் எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுசென்றன. ஆனாலும் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பெண்கள் தங்களைத் தோஷமுள்ளவர்கள் என்றும் ராசியில்லாதவர்கள் என்றும் பிறர் சொல்லக் கேட்டு, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு காலம் கழித்தார்கள். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இருக்கவில்லை என்பதை இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடியும். சொல்லவும் வேண்டும், ஏனெனில் அந்தப் பழிச்சொல் இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

காரணம் தெரிந்த பின்பும் தடுக்கும் வழி கிடைக்க இன்னொரு தலைமுறை ஆயிற்று. 1940களில், பிறந்த குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றும் முறை பரவியது. 1963இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி கருப்பையில் இருக்கும் குழந்தைக்கே இரத்தம் ஏற்றிக் காட்டினார். இவை நோய் வந்தபின் செய்யும் சிகிச்சைகள். தடுப்புக்கான திறவுகோல் வேறோர் அவதானிப்பில் இருந்தது. தாய் ஓ பிரிவாகவும் குழந்தை ஏ அல்லது பி பிரிவாகவும் இருந்தால் ரீசஸ் எதிர்ப்பொருள் உருவாவது மிகவும் குறைந்துவிடுகிறது என்பதை லெவின் முன்பே கவனித்திருந்தார். தாயின் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள ஏ, பி எதிர்ப்பொருள்கள் குழந்தையின் அணுக்களை உடனே அழித்துவிடுவதால், டி புரதத்தை அடையாளம் காண நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அவகாசம் கிடைப்பதில்லை. அப்படியானால் டி எதிர்ப்பொருளையே வெளியிலிருந்து கொடுத்து அதே பாதுகாப்பைச் செயற்கையாக உண்டாக்கலாமே என்று இங்கிலாந்தின் லிவர்பூலில் ரொனால்ட் ஃபின், சிரில் கிளார்க் ஆகியோர் எண்ணினார்கள். முதலில் அவர்கள் பயன்படுத்தியது ஐ.ஜி.எம். வகை, அது பாதுகாப்பதற்குப் பதிலாக எதிர்ப்பைக் கூட்டியது. அதனால் சோர்ந்துவிடாமல் ஐ.ஜி.ஜி. வகைக்கு மாறியபோதுதான் வெற்றி கிடைத்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் வின்சென்ட் ஃப்ரெடா, ஜான் கோர்மன், வில்லியம் பொலாக் மூவரும் தனியே இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். 1968இல் அமெரிக்காவில் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. சாட்ஸ்வர்த்தில் ஆர். கே. கான் மருத்துவமனை 1969இல் திறக்கப்பட்டபோது இந்த மருந்து உலகத்துக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது என்பதை நினைத்தால், இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த நம் பெண்களில் பலருக்கு இது ஏன் தெரியவில்லை என்பது விளங்கும்.

ஊசியில் இருப்பது டி எதிர்ப்பொருளேதான். டி புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நிறைந்த கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து அது பிரித்தெடுக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் இதைத் தயாரிப்பது டர்பனை அடுத்த பைன்டவுனில் உள்ள நேஷனல் பயோபுராடக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட். மருந்தின் பெயர் ரீசுகேம். தாய்க்குத் தசையில் போடப்படும் இந்த எதிர்ப்பொருள், அவர் இரத்தத்தில் கசிந்துள்ள குழந்தையின் அணுக்களைப் பற்றிக்கொள்ள, அவை மண்ணீரலில் அகற்றப்பட்டுவிடுகின்றன. அணுக்களை அகற்றுவது மட்டுமே பாதுகாப்புக்குப் போதுமான விளக்கமா, நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் வேறு வழியும் இதில் உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. பலன் குறித்து விவாதம் இல்லை. ஊசி இல்லாத காலத்தில், ஏ, பி, ஓ பிரிவில் பொருந்திய பாசிட்டிவ் குழந்தையைப் பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பேர் எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். பிரசவத்துக்குப்பின் போடும் ஊசி அதை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே கொண்டுவந்தது. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் எவரும் அறியாமல் நிகழும் கசிவினால் பாதிக்கப்படுபவர்கள் என்பதால், 28ஆம் வாரத்தை ஒட்டி இன்னோர் ஊசி சேர்க்கப்பட்டபோது அது ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று என்ற அளவுக்கு இறங்கியது.

இந்த 28ஆம் வார ஊசிதான் நம் நாட்டில் ஏற்றத்தாழ்வுக்கு இடமாகிறது. பல செல்வந்த நாடுகளில் அது எல்லா நெகட்டிவ் பெண்களுக்கும் வழக்கமாகப் போடப்படுகிறது. இங்கே அரசு மருத்துவமனைகளின் நடைமுறை பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின்னரும், இரத்தப்போக்கு போன்ற குறிப்பிட்ட நிகழ்வுகளின் போதும் ஊசி போடுவதாக இருந்துவந்திருக்கிறது. தனியார் மருத்துவர்களிடம் செல்பவர்களுக்கு 28ஆம் வாரத்திலும் கிடைப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கு 1994 முதல் அரசு மருத்துவம் இலவசம் என்பது இந்த நாடு பெருமைப்படத்தக்க சாதனை. அந்தப் பெருமை முழுமையடைய, கட்டணம் கட்ட முடிகிறவருக்கு மட்டும் கிடைக்கும் இந்த ஊசி மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, நெகட்டிவ் உள்ள ஒவ்வொரு பெண்ணும் தாம் பதிவு செய்துள்ள இடத்தில் 28ஆம் வாரத்தில் ஊசி உண்டா என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லை என்றால், எதிர்ப்பொருள் பரிசோதனை கர்ப்பத்தின் பிற்பகுதியில் மீண்டும் எப்போது செய்யப்படும் என்று கேட்க வேண்டும்.

பிரசவத்துக்குப்பின் நடக்க வேண்டியது இதுதான்: குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது, குழந்தை பாசிட்டிவ் என்றால் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி. ரீசுகேமின் வழக்கமான அளவு 100 மைக்ரோகிராம்; அது ஏறத்தாழ நான்கு மில்லிலிட்டர் கரு அணுக்களைச் சமாளிக்கப் போதுமானது, நூறு பிரசவங்களில் தொண்ணூற்றொன்பதில் கசிவு அதற்குள்தான் இருக்கும். நஞ்சு முன்கூட்டியே பிரிவது, நஞ்சைக் கையால் எடுப்பது, வயிற்றில் பலத்த அடி ஆகிய சூழல்களில் கசிவு பெரிதாக இருக்கலாம்; அப்போது தாயின் இரத்தத்தில் உள்ள கரு அணுக்களை எண்ணும் கிளைஹவர் பரிசோதனை செய்து அளவைக் கூட்டுவார்கள். 72 மணி நேரம் என்ற எல்லை உடலியல் வகுத்த விதி அன்று. ஆரம்பகால ஆய்வுகள் அந்த இடைவெளிக்குள் நடத்தப்பட்டதால் அது வழக்கமாக நிலைத்துவிட்டது. நான்காம் நாள் நினைவு வந்தாலும், ஒரு வாரம் கடந்திருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதமாகப் போட்ட ஊசியால் ஓரளவு பாதுகாப்பேனும் கிடைக்கலாம். ‘நாள் கடந்துவிட்டது, இனி எதற்கு’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் தவறு.

இந்த ஒழுங்கு எங்கே குலைகிறது என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சிக்கலில்லாத பிரசவம் என்றால் அரசு மருத்துவமனைகளில் தாய் சில மணி நேரங்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். குழந்தையின் இரத்தப் பிரிவு முடிவு அப்போது வந்திருக்காது. பிறகு வரும் முடிவு கோப்பில் தூங்கிவிட, தாய் வீட்டில் பத்தியச் சாப்பாடும் வெளியே போகாத ஓய்வுமாக இருந்துவிடுவார். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வெளியே அனுப்பக் கூடாது என்று காக்கும் பெரியவர்கள், இந்த ஒரு காரணத்துக்காக மூன்றாம் நாளுக்குள் அவரை அழைத்துச் செல்லத் தயங்கக் கூடாது. முடிவு வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், அதற்குக் காத்திராமல் ஊசியைப் போட்டுவிடும்படி கேட்பதிலும் தவறில்லை. குழந்தை நெகட்டிவ் என்று பின்னர் தெரிந்தாலும் தாய்க்கு அதனால் கெடுதல் கிடையாது.

இதைவிட ஆழமான ஓட்டை, மறைக்கப்படும் கர்ப்பங்களில் இருக்கிறது. பாசிட்டிவ் இரத்தத்தை உடல் முதன்முதலில் சந்திப்பது பிரசவத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், கர்ப்பத்தின் நடுவே இரத்தப்போக்கு, பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் செய்யும் பரிசோதனை, குழந்தையை வெளியிலிருந்து திருப்பிவிடுவது, மினிபஸ் டாக்சி விபத்தில் வயிற்றில் படும் அடி ஆகிய எல்லாமே அதற்கு வழியாகலாம். திருமணத்துக்கு முன் நேர்ந்த கர்ப்பத்தை ஒருவருக்கும் தெரியாமல் கலைத்த பெண்ணும், கணவன் உதைத்ததை ‘படியில் விழுந்தேன்’ என்று சொல்லும் பெண்ணும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுகிறார்கள். அந்த மௌனத்தின் விலையை அடுத்த குழந்தை கொடுக்கிறது. பன்னிரண்டு வாரங்களுக்கு முன்னரான கருக்கலைப்பில் கசியும் இரத்தம் மிகக் குறைவு என்பதால், அந்தக் கட்டத்தில் ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பல நாடுகளின் நடைமுறை இன்னும் வேறுபடுகிறது. தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் எத்தனையாவது வாரம், என்ன நடந்தது என்ற விவரம் அவருக்குத் தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும். மாமியாரையோ கணவரையோ வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு.

கணவருக்கும் நெகட்டிவ் என்றால் குழந்தைகள் அனைவரும் நெகட்டிவாகவே பிறப்பார்கள், ஊசி தேவையில்லை. இதைக் கொண்டு ஊசியைத் தவிர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கணவரின் இரத்தப் பிரிவு வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாக இருந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது; ஆய்வக அறிக்கை வேண்டும். தந்தை யார் என்பதில் ஐயம் இருக்கக்கூடிய சூழலில் ஊசி போட்டுக்கொள்வதே பாதுகாப்பு, அதற்கு எவரும் காரணம் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு குழப்பம் ஏ, பி, ஓ பொருத்தமின்மையைப் பற்றியது. தாய் ஓ பிரிவாகவும் குழந்தை ஏ அல்லது பி ஆகவும் இருந்தால் பிறந்தபின் காமாலை வரலாம். அது முதல் குழந்தைக்கும் வரும், பெரும்பாலும் ஒளி சிகிச்சையில் தணிந்துவிடும், அதற்கு ஊசி கிடையாது. அந்த அமைப்பு ரீசஸ் ஆபத்தைக் குறைக்கிறது என்று மேலே சொன்னோம், குறைக்கிறது, ஒழிப்பதில்லை. ஆகவே ஓ நெகட்டிவ் தாய்க்கும் ஊசி வேண்டும்.

மனித இரத்தத்திலிருந்து எடுத்த பொருளை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1970களின் பிற்பகுதியில் அயர்லாந்திலும் அன்றைய கிழக்கு ஜெர்மனியிலும் ஹெபடைடிஸ் சி கிருமி கலந்த ஆன்டி-டி மருந்தினால் பல பெண்கள் நோயுற்றார்கள். அந்தக் கிருமி என்னவென்று அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். இன்று கொடையாளர்கள் ஒவ்வொரு முறையும் பரிசோதிக்கப்படுகிறார்கள். தயாரிப்பின்போது கிருமிகளை அழிக்கும் படிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் ஆகியவையே வழக்கமான பக்கவிளைவுகள்; கடும் ஒவ்வாமை மிக அரிது. 28ஆம் வாரத்தில் போடும்போது எதிர்ப்பொருளில் சிறு பகுதி குழந்தைக்கும் செல்லும். அந்த அளவு குழந்தைக்குத் தீங்கு செய்யப் போதாது.

ஏற்கெனவே எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பெண்ணுக்கு ஊசி உதவாது. ஆனால் வழியே இல்லை என்று பொருளில்லை. அவருடைய இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கப்படும். அது உயர்ந்தால் அவரை டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதூலி போன்ற உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஸ்கேன் மூலம் குழந்தையின் மூளைத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். இரத்தசோகை கூடக் கூட இரத்தம் நீர்த்து, ஓட்டம் வேகமாகும். குழந்தையைத் தொடாமலே இரத்தசோகையைக் கணிக்க உதவும் இந்த முறை 2000ஆம் ஆண்டு முதல் பரவலானது. தேவைப்பட்டால் தொப்புள்கொடியின் சிரை வழியாக, கருப்பையில் இருக்கும்போதே ஓ நெகட்டிவ் இரத்தம் ஏற்றுகிறார்கள். சில கர்ப்பங்களில் இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். திறமையான கைகளில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு தாய் வாரக்கணக்கில் படும் அச்சத்தையும் வேதனையையும், உரிய நேரத்தில் போட்ட ஓர் ஊசி முழுவதுமாகத் தவிர்த்திருக்கும் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

திருமணப் பேச்சில் இரத்தப் பிரிவைக் கேட்கும் வழக்கம் இப்போது சில குடும்பங்களில் வந்திருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டால் நல்லது. பெண் நெகட்டிவ் என்பதற்காக வரனைத் தட்டிக்கழிப்பது அறியாமை. தடுக்கக்கூடிய ஒன்றைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமும் ஆகாது. உண்மையில் இரத்தப் பிரிவு கல்யாணத்துக்கும் முன்பே, பள்ளி வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். விபத்தில் அடிபட்ட சிறுமிக்கு அவசரத்தில் பாசிட்டிவ் இரத்தம் ஏற்றப்பட்டால், பிரசவம் வரும் வரை காத்திராமல் அப்போதே அவள் உடல் எதிர்ப்பொருளைக் கற்றுக்கொண்டுவிடலாம். இளம் பெண்களுக்கு அவசரத்தில் ஓ நெகட்டிவ் இரத்தமே முதலில் தேடப்படுவது இதனால்தான்.

குழந்தை பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தாயின் இரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ.வைக் கொண்டே கண்டறியும் பரிசோதனை சில ஐரோப்பிய நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நெகட்டிவ் குழந்தையைச் சுமப்பவர்களுக்குத் தேவையற்ற ஊசியை அது தவிர்க்கிறது. நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவர முடியாததற்கு மரபணுவே ஒரு காரணம். ஐரோப்பியரில் நெகட்டிவ் என்றால் டி மரபணு பெரும்பாலும் முழுவதுமாக இல்லை என்று பொருள். ஆப்பிரிக்க வம்சாவளி நெகட்டிவ் மக்களில் மூன்றில் இரு பங்கினரிடம் மரபணு இருந்தும் அது செயலிழந்த வடிவில் இருப்பதாக 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. மரபணு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பரிசோதனை அவர்களைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். பல வம்சாவளியினர் கலந்து வாழும், கலந்து மணக்கும் இந்த நாட்டுக்கு அதற்கேற்ற பரிசோதனை வேண்டும்.

ஊசிக்கான மூலப்பொருளும் எளிதாகக் கிடைப்பதன்று. முற்காலத்தில் பிரசவங்களால் எதிர்ப்பொருள் உருவான பெண்களே முக்கியக் கொடையாளர்களாக இருந்தார்கள். ஊசி வெற்றி பெறப் பெற அப்படிப்பட்டவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது பல நாடுகளில் நெகட்டிவ் ஆண்கள் தாமாக முன்வந்து, மிகச் சிறிய அளவு பாசிட்டிவ் அணுக்களை ஏற்றுக்கொண்டு, தங்கள் உடலில் எதிர்ப்பொருளை உருவாக்கிப் பிளாஸ்மா தருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 2018 வரை 1,173 முறை கொடையளித்து, 2025இல் 88ஆம் வயதில் காலமானார். அவருடைய பிளாஸ்மா இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பளித்ததாக அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிடுகிறது. உலகில் இந்த ஊசி தேவைப்படும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இன்னும் கிடைக்கவில்லை என்று மதிப்பிடப்படுகிறது. நம்மில் நெகட்டிவ் உள்ள ஆண்களும், பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்த, எதிர்ப்பொருள் உள்ள பெண்களும் அருகிலுள்ள இரத்தக் கொடை மையத்தில் தங்கள் பிரிவைச் சொல்லி, பிளாஸ்மா தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.